தேரைமீன் டீச்சர்

கார்னீலியா கிளாப் தன் 85 வருட வாழ்க்கையில் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில் சொல்லும்படியானவை இரண்டு. ஒன்று 1891 இல் வந்தது, இன்னொன்று 1899 இல். இரண்டுமே ஒரே மீனைப் பற்றியவை. இந்த இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்று நம்மூரில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் 1906 இல் அமெரிக்க விஞ்ஞானிகளின் பெயர்த் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தவர்கள், துறைசார்ந்தவர்களிடமே கேட்டு, நாட்டின் முன்னணி விலங்கியலாளர்கள் 150 பேரைத் தேர்ந்தெடுத்தபோது அதில் கிளாப் இருந்தார். அந்தத் தொகுப்பின் பெயர் 'அமெரிக்க அறிவியல் ஆண்கள்'. அதற்குள்தான் இந்த அம்மாவின் பெயரும் நட்சத்திரக் குறியோடு அச்சாகியிருக்கிறது.

இரண்டு கட்டுரைக்கா இந்த மரியாதை என்று எனக்கும் முதலில் வியப்பாகத்தான் இருந்தது. அவர் வாழ்க்கையை வரிசையாகப் படித்துக்கொண்டு போனபோது விஷயம் பிடிபட்டது. கோடை விடுமுறை வந்தால் மாணவியாகிவிடுகிற ஒரு டீச்சர் அவர். ஐம்பதை நெருங்கும் வயது வரை யாரிடமாவது போய் உட்கார்ந்து படித்தார். படித்ததை மூட்டை கட்டிக்கொண்டு வந்து தன் கல்லூரிப் பெண்களிடம் கொட்டினார். அவருடைய முழுநேர வேலையே இந்தப் போக்குவரத்துதான்.

பிறந்தது 1849 மார்ச் 17, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மான்டகியூ என்ற சிற்றூர். அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர்கள். 1868 இல் பக்கத்து சவுத் ஹேட்லி ஊரிலிருந்த மவுன்ட் ஹோலியோக் பெண்கள் செமினரியில் சேர்ந்தார். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேரி லயன் என்பவர் ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டி 1837 இல் தொடங்கிய பள்ளி அது. சாதாரணக் குடும்பத்துப் பெண்களும் படிக்கக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் சமையல், கூட்டிப் பெருக்குவது, துணி துவைப்பது எல்லாவற்றையும் மாணவிகளே முறைவைத்துச் செய்தார்கள். பிரார்த்தனையும் கட்டுப்பாடும் அதிகம். ஆனால் அந்த மேரி லயனே வேதியியல் பாடம் எடுத்தவர். தாவரவியலுக்கு லிடியா ஷாட்டக் என்ற அருமையான ஆசிரியை இருந்தார். பெண்களுக்கு அறிவியல் எதற்கு என்ற கேள்வியே அந்த வளாகத்துக்குள் எழவில்லை. வெளியே உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1871 இல் கிளாப் படிப்பை முடித்தார். பட்டம் கிடையாது, செமினரிக்குப் பட்டம் கொடுக்கும் உரிமை அப்போது இல்லை. ஒரு வருடம் பென்சில்வேனியாவில் பையன்கள் விடுதிப் பள்ளியில் லத்தீன் கற்பித்துவிட்டு, 1872 இல் மவுன்ட் ஹோலியோக்குக்கே ஆசிரியையாகத் திரும்பி வந்தார். கற்பித்தது கணக்கு. அப்புறம் பல ஆண்டுகள் உடற்பயிற்சி வகுப்பும் எடுத்தார்.

இந்த உடற்பயிற்சி விஷயத்தை உயிரியல் வரலாற்றில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. 1873 இல் பாஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் கிளார்க் என்ற மருத்துவர் ஒரு புத்தகம் போட்டார். பெண்கள் ஆண்களுக்கு இணையாகப் படித்தால் மூளைக்கு ரத்தம் ஏறி, கருப்பை வளராமல் போய்விடும் என்பது அதன் சாரம். ஆள் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர், அதனால் புத்தகம் சூடாக விற்றது, பல பதிப்பு கண்டது. பெண்கள் கல்லூரி நடத்தியவர்கள் எல்லாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. படிப்போடு உடற்பயிற்சியையும் அவர்கள் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டதற்கு இந்தப் பயமுறுத்தலும் ஒரு காரணம். கிளாப் எந்த மறுப்பும் எழுதியதாக நான் படித்ததில்லை. 1878 இல் மீனியல் அறிஞர் டேவிட் ஸ்டார் ஜோர்டானின் குழுவோடு தென் மாநில மலைகளில் மீனும் பூச்சியும் சேகரித்துக்கொண்டே நடந்தார். அடுத்த வருடம் ஐரோப்பாவுக்குப் போய் ஆல்ப்ஸில் நடந்தார். கிளார்க் டாக்டருக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

நான் முந்திக்கொண்டு போகிறேன். அவரை விலங்கியல் பக்கம் இழுத்தது 1874 கோடை.

மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் பெனிகீஸ் என்று ஒரு பொட்டல் தீவு. மரம் கிடையாது, காற்று மட்டும் உண்டு. நியூயார்க்கின் புகையிலை வியாபாரி ஜான் ஆண்டர்சன் அந்தத் தீவையும் 50,000 டாலரையும் லூயி அகாசிஸுக்குக் கொடுத்தார். அகாசிஸ் அப்போது அமெரிக்காவின் பெரிய இயற்கை அறிஞர். டார்வினை ஒருபோதும் ஏற்காதவர், மனித இனங்களைப் பற்றி மிக மோசமான கருத்துகள் கொண்டவர். அதே ஆள்தான் கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களைக் கடற்கரைக்கு அழைத்து வந்து உயிரினங்களை நேரில் பார்க்கச் சொல்லித்தரலாம் என்று யோசித்தார், அதில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். 1873 இல் பள்ளி தொடங்கியது. மவுன்ட் ஹோலியோக்கிலிருந்து லிடியா ஷாட்டக் போனார். அந்த டிசம்பரிலேயே அகாசிஸ் இறந்துவிட்டார். மறு வருடம் மகன் அலெக்சாண்டர் பொறுப்பில் இன்னொரு முறை நடந்து, அதோடு பள்ளி மூடப்பட்டது. அந்த இரண்டாவது, கடைசி வகுப்பில் கிளாப் இருந்தார். வயது 25.

அங்கே பாடநூல் கிடையாது. காலையில் வலையோடு போய்க் கிடைப்பதை எடுத்து வர வேண்டும். மேசையில் ஒரு கடல் அர்ச்சின், ஒரு நட்சத்திர மீன், ஒரு திருக்கை. பார், வரை, அறு, திரும்பப் பார். 'இயற்கையைப் படி, புத்தகங்களை அல்ல' என்று கையால் எழுதிய பலகை சுவரில் தொங்கியது.

இதைப் படிக்கும்போது என் சொந்த இளங்கலை ஞாபகம் வராமல் இருக்குமா? நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம், அது எந்தக் கல்லூரியாகவும் இருக்கலாம். விலங்கியல் ஆய்வகத்தில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருக்கும், உள்ளே ஃபார்மலினில் நிறம் வெளுத்துப்போன உயிர்கள். எது மண்புழு, எது அட்டை என்று லேபிள் பார்த்துத்தான் சொல்ல முடியும். லேபிளும் பாதி அழிந்திருக்கும். ரெக்கார்டு நோட்டில் படம் வரைய வேண்டும், ஆனால் ஸ்பெசிமனைப் பார்த்து யாரும் வரைந்ததில்லை. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து வரைவோம், அந்தச் சீனியர் தன் சீனியரைப் பார்த்து வரைந்திருப்பார். கரப்பானின் வாயுறுப்பில் எப்போதோ ஒருவர் விட்ட ஒரு கோடு, தலைமுறை தலைமுறையாகக் கடந்து எங்கள் நோட்டு வரை காணாமலேயே வந்திருக்கும். எக்ஸ்டர்னலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கிளாப் இந்த நோயைத்தான் 1870களிலேயே தன் வகுப்பிலிருந்து விரட்டினார். 1880களின் தொடக்கத்தில் மறுபடி படிக்கப் போனார். எம்.ஐ.டி.யில் கோழிக் கருவின் வளர்ச்சி, வில்லியம்ஸ் கல்லூரியில் மண்புழு. திரும்பி வந்ததும் கோழி முட்டை அவருடைய வகுப்பறைக்குள் வந்துவிட்டது. அடைகாக்க 21 நாள். முட்டைகளைக் கதகதப்பில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றை எடுத்துப் பார்க்கும் பாடம் அது. இளஞ்சூடான உப்புநீரில் முட்டையை வைத்து, ஓட்டின் மேல்பக்கத்தில் கத்தரியால் ஒரு வட்டம் நறுக்கி எடுத்தால் மஞ்சள் கருவின் மேல் வெள்ளையாக ஒரு தட்டு தெரியும். ஒரு நாள் போன முட்டையில் அதில் ஒரு கீற்று. இரண்டாம் நாள் சுற்றிலும் நூல்போல் ரத்தக் குழாய்கள், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி துடிக்கும். சிறகு இல்லை, கால் இல்லை, குஞ்சு என்று சொல்ல எதுவுமே இன்னும் ஆகவில்லை, இதயம் மட்டும் வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பொருட்காட்சிப் படத்தில் பார்ப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு முட்டையின் விலைக்கு இதைவிடப் பெரிய பாடம் நடத்த முடியாது. நம்மூர் ஆய்வகங்களில் தவளை அறுப்பது நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது, அது நல்லதுதான். அந்த இடத்துக்கு உயிருள்ள எதையும் கொண்டுவராமல் கணினித் திரையை வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த கதவு 1888 இல் திறந்தது. வுட்ஸ் ஹோல் என்ற கடலோரக் கிராமத்தில் கடல் உயிரியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இன்று நோபல் பரிசாளர்கள் கூடுகிற இடம். அன்று மரத்தால் கட்டிய ஒரே கட்டடம், பக்கத்தில் கடல். அதன் பின்னணியில் பாஸ்டனில் இருந்த ஒரு பெண்கள் கல்விச் சங்கம் இருந்தது. பெனிகீஸுக்குப் பிறகு ஆனிஸ்குவாம் என்ற ஊரில் நடந்த சிறு கடற்கரை ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்கள்தான். அதனால் வுட்ஸ் ஹோலில் முதல் நாளிலிருந்தே பெண்களுக்கு மேசை உண்டு. இயக்குநர் சார்லஸ் ஓட்டிஸ் விட்மன். முதல் கோடையிலேயே ஆய்வாளராகப் போய் நின்றவர் கிளாப். அவரிடம் விட்மன் ஒப்படைத்தது தேரைமீனை.

பார்க்க அழகான மீன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செதில் இல்லாத வழவழத்த உடம்பு, அகன்ற தட்டைத் தலை, வாயைச் சுற்றித் தாடிபோல் தொங்கும் சதைத் துணுக்குகள், விரலை வைத்தால் விடாத தாடை. ஆழமில்லாத நீரில் கல்லுக்கு அடியிலும் கடற்புல்லுக்குள்ளும் உட்கார்ந்திருக்கும். ஆண் மீன் காற்றுப்பையை அதிரவைத்துக் கப்பல் சங்கு மாதிரி ஊதிப் பெண் மீனைக் கூப்பிடும். பெண் வந்து கல்லின் அடிப்புறத்தில், குகையின் கூரையில் ஒட்டுவதுபோல, முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும். பிறகு காவல் முழுக்க அப்பாவின் பொறுப்பு. குஞ்சு பொரித்த பிறகும் கொஞ்ச நாள் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு, அப்பாவின் முகத்துக்கு முன்னால் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். (இதே இனத்தை 1998 இல் நாசா கொலம்பியா விண்கலத்தில் ஏற்றிக்கொண்டு போனது. காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு எடையற்ற நிலையில் என்ன செய்கிறது என்று பார்க்க. தேரைமீனின் வரலாறு தனிப் புத்தகத்துக்குத் தாங்கும்.)

அந்த முட்டை ஒட்டிக்கொண்டிருப்பதில்தான் கிளாப்பின் ஆய்வே இருந்தது. அந்த நாட்களில் கரு வளர்ச்சியை ஆராயும் கருவியலாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கேள்வி உண்டு. முட்டை முதன்முதலாக இரண்டாகப் பிளக்கிறதே, அந்தக் கோடு எதைக் குறிக்கிறது? பிறக்கப்போகும் உயிரின் வலது பாதியும் இடது பாதியும் அந்த முதல் பிளவிலேயே முடிவாகிவிடுகிறதா? ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரூ தவளை முட்டைகளை வைத்து, ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதைச் சரிபார்ப்பதில் ஒரு நடைமுறைத் தொல்லை: முட்டை உருளும். முதல் கோடு எந்தப் பக்கம் விழுந்தது என்று குறித்து வைத்தாலும், இரண்டு நாள் கழித்துக் கரு தோன்றும்போது அது திரும்பியிருந்தால் கணக்கு போச்சு. தேரைமீன் முட்டையோ பசை போட்டதுபோல் அசையாமல் இருக்கிறது. அளவும் பெரியது, கிட்டத்தட்ட ஒரு பட்டாணி. முதல் கோட்டின் திசையைக் குறித்துக்கொண்டு, கரு உருவாகும்வரை காத்திருந்து, அதன் திசையையும் பார்த்தால் போதும்.

கிளாப் அப்படித்தான் செய்தார். இரண்டு திசையும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு முட்டையிலும் ஒவ்வொரு கோணம். முதல் பிளவு உடம்பின் இடவலத்தை முடிவு செய்வதில்லை, குறைந்தபட்சம் இந்த மீனில். 1891 இல் வந்த இந்த முடிவு அப்போதைய கருவியல் விவாதங்களில் எடுத்துக்காட்டப்பட்டது. விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. சரியான விலங்கைக் கையில் கொடுத்த விட்மனின் கண்ணும், உட்கார்ந்து பார்த்த கிளாப்பின் பொறுமையும் போதுமாயிருந்தன.

இதற்கிடையில் பட்டம் இல்லாத குறையையும் தீர்த்துக்கொண்டார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தேர்வெழுதி 1888 இல் இளநிலைப் பட்டம், 1889 இல் முனைவர் பட்டம். வேறு யாராக இருந்தாலும் பெயர்ப்பலகையில் டாக்டர் போட்டுக்கொண்டு ஓய்ந்திருப்பார்கள். இவருக்கு அந்தப் பட்டம் போதவில்லை. புதிதாகத் தொடங்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு விட்மன் விலங்கியல் தலைவராகப் போனதும், கல்லூரியில் விடுப்பு வாங்கிக்கொண்டு தானும் அங்கே போய், முறைப்படி ஆய்வு செய்து 1896 இல் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். வயது 47. ஆய்வுப் பொருள், வேறென்ன, தேரைமீன்தான். நீரின் சிறு அசைவையும் உணர மீன்களுக்கு உடம்பின் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் உணர்வுறுப்புகளைப் பற்றியது. 1899 இல் அச்சான இரண்டாவது கட்டுரை இதுவே.

47 வயதில், ஏற்கெனவே கல்லூரி ஆசிரியையாக இருப்பவர், தன்னைவிட இருபது வயது சின்னவர்களோடு உட்கார்ந்து படிப்பது சாதாரணமா? நம் கல்லூரிகளில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் ஆசிரியைகளிடம், அதிலும் பெண்களிடம், 'இனிமே படிச்சு என்னம்மா பண்ணப்போறீங்க?' என்று கேட்கும் சக ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். கிளாப்புக்குக் குடும்பப் பொறுப்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பெண்கள் கல்லூரிகளில் கல்யாணம் என்றால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. வேலையில் நிலைத்தவர்கள் அநேகமாகத் திருமணம் செய்துகொள்ளாதவர்களே. அது சுதந்திரமா, விலையா என்று கேட்டால் இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

வுட்ஸ் ஹோலை அவர் கடைசிவரை விடவில்லை. 1893 முதல் 1907 வரை அந்த ஆய்வகத்தின் நூலகர். பின்னாளில் உலகின் முக்கியமான உயிரியல் நூலகங்களில் ஒன்றாக வளர்ந்தது அது. பெனிகீஸ் தீவின் அந்தப் பழைய பலகையும் வுட்ஸ் ஹோலுக்கே வந்து சேர்ந்தது. இன்று அது தொங்குவது அந்த நூலகத்தில்! 1910 இல் ஆய்வகத்தின் அறங்காவலராகவும் ஆனார். ஆரம்பத்தில் பெண்கள் கணிசமாக வந்துகொண்டிருந்த அந்த இடத்தில், போகப்போக, ஆய்வகத்தின் புகழ் ஏற ஏற, அவர்களின் பங்கு குறைந்தது. பெண்கள் திரட்டிய பணத்தில் தோன்றிய நிறுவனத்தின் நிலையே அப்படி.

மவுன்ட் ஹோலியோக் 1893 இல் முழுமையான கல்லூரியாகிவிட்டது. 1896 செப்டம்பரில் மேரி லயன் கட்டிய முதன்மைக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. கல்லூரி அதிலிருந்து எழுந்துவிட்டது. 1904 இல் கிளாப் விலங்கியல் பேராசிரியர், 1916 இல் ஓய்வு. அடுத்த வருடமே இன்னொரு தீ. இம்முறை அறிவியல் கட்டடமான வில்லிஸ்டன் ஹால். பல்லாண்டுகளாகச் சேர்த்த அருங்காட்சியகம் அதோடு போயிற்று. அதில் ஒரு சின்ன டைனோசரும் இருந்தது. அதே கல்லூரியின் புவியியல் பேராசிரியை மிக்னான் டால்பட் 1910 இல் பக்கத்திலேயே கண்டெடுத்து, போடோகிசாரஸ் என்று பெயர் வைத்தது. டைனோசருக்கு அறிவியல் பெயர் வைத்த முதல் பெண் அவர். அந்த எலும்புகள் சாம்பலாகிவிட்டன. வார்ப்பு எடுத்து வைத்திருந்ததால் வடிவமாவது மிஞ்சியது. 2022 இல் மாசசூசெட்ஸ் அதைத் தன் மாநில டைனோசராக அறிவித்தது. எரிந்த கட்டடத்துக்குப் பதிலாக 1924 இல் எழுந்த அறிவியல் கட்டடத்துக்குக் கிளாப் ஆய்வகம் என்று பெயர். தன் பெயர் போட்ட கட்டடத்தைப் பார்க்க அவர் இருந்தார்.

அவருடைய இடத்துக்கு வந்தவர் ஆன் ஹேவன் மார்கன். தண்ணீரில் பிறந்து, சிறகு முளைத்துச் சில மணி நேரமே வாழும் மேஃபிளை பூச்சிகளை ஆராய்ந்தவர். மாணவிகள் வைத்த பட்டப்பெயரும் அதுதான், 'மேஃபிளை மார்கன்'. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு குட்டைக்குள் முழங்கால் வரை இறங்கிவிடுவார். 1930 இல் குளங்கள், ஓடைகளின் உயிர்களுக்கு ஒரு களக் கையேடு எழுதினார். தூண்டில் போடுகிறவர்கள் முதல் பள்ளி மாணவர்கள் வரை தூக்கிக்கொண்டு அலைந்த புத்தகம். கிளாப் இறந்தது 1934 டிசம்பர் 31, ஃபுளோரிடாவின் மவுன்ட் டோராவில். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1929 கோடையில், பென்சில்வேனியாவின் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்து முடித்த ரேச்சல் கார்சன் வுட்ஸ் ஹோலுக்கு வந்து முதன்முறையாகக் கடலைப் பக்கத்தில் பார்த்தார். அங்கே போகச் சொல்லி ஊக்கப்படுத்தியவரும் ஒரு பெண்கள் கல்லூரி ஆசிரியைதான், மேரி ஸ்கின்கர்.

நம் பக்கத்துக்கும் இந்தக் கோடு வருகிறது. சென்னையில் 1915 இல் தொடங்கிய பெண்கள் கிறித்துவக் கல்லூரிக்கு மவுன்ட் ஹோலியோக் சகோதரக் கல்லூரி. அதே சென்னைக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்த தலச்சேரிக்காரர் ஜானகி அம்மாள், 1920களில் உதவித்தொகை பெற்று மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். திரும்பி வந்து அதே கல்லூரியில் மறுபடி கற்பித்தார், பிறகு மறுபடி போய் 1931 இல் முனைவர் பட்டம் பெற்றார். கரும்பு, கத்தரி, மக்னோலியா, கடைசியில் அமைதிப் பள்ளத்தாக்கு என்று அது பெரிய கதை. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.